வேலிப் பொட்டால் வந்த ஒவ்வாமை

2018 ஆம் ஆண்டு வைகாசி மாதம், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நாள். கோயிலுக்குப் போகும் வீதியோரத்தில் வழமைபோல எனது கச்சான் கடையைப் போட்டிருந்தேன். நான்கு தடி, மேலே ஒரு தறப்பாள், முன்னால் வறுத்த கச்சான் குவியல். அவ்வளவுதான் கடை. 2009 இல் கணவரை இழந்து, மெனிக்பாம் முகாமில் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பிய பிறகு எங்கள் அடுப்பை எரிய வைத்தது இந்தக் கச்சான்தான். இதை வாசிக்கிற சகோதரிகளில் சிலரும் கோயில் திருவிழாக்களில் எனக்குப் பக்கத்தில் கடை போட்டிருப்பீர்கள்.

மகள் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. அதனால் பேத்தியை மூன்றாம் மாதத்திலிருந்து பகல் முழுவதும் பார்த்தது நான்தான். அன்று அவளுக்கு இரண்டு வயதும் சில மாதங்களும். சனத்துக்குச் சுண்டு அளந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது, குவியலில் இருந்து உடைந்த கச்சான் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். நான் அதைக் கண்டேன். கண்டும் பெரிதாக நினைக்கவில்லை. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, "அம்மம்மா, கடிக்குது" என்று கழுத்தைச் சொறிந்தாள். உதடு தடித்தது. கண்மடல் இரண்டும் வீங்கின. உடம்பெல்லாம் தட்டுத் தட்டாகத் தடிப்பு. சாப்பிட்டது முழுவதையும் சத்தி எடுத்தாள். பிறகு மூச்சு இழுக்கத் தொடங்கியது.

"நாவூறு" என்றார் ஒருவர். "பூச்சி ஏதும் கடிச்சிருக்கும், மஞ்சள் பூசுங்கோ" என்றார் இன்னொருவர். நல்ல காலம், பக்கத்தில் ஓட்டோவோடு நின்ற தம்பி எதையும் கேட்கவில்லை. "ஏறுங்கோ ஆச்சி" என்றான். கடையை அப்படியே போட்டுவிட்டு ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஒரு ஊசி போட்டார்கள். அது அட்ரினலின் என்று பிறகு அறிந்தேன். பத்து நிமிடத்தில் பிள்ளையின் மூச்சு சீராகியது. எனக்குத்தான் கால் நடுக்கம் நிற்கவில்லை. ஒரு நாள் வாட்டில் வைத்திருந்தார்கள். சில பிள்ளைகளுக்கு முதல் தாக்கம் அடங்கிச் சில மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்பவும் வருமாம்.

மறுநாள் வைத்தியர் கேட்டார்: "இதுக்கு முதல் கச்சான் சாப்பிட்டவவோ?"

"இல்லை டொக்டர். ஒரு நாளும் குடுக்கேல்லை. மூண்டு வயசு வரைக்கும் குடுக்கக் கூடாது எண்டு சொன்னவை. நான் கவனமாத்தான் இருந்தனான்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "குடுக்காமல் விட்டதும் ஒரு காரணமா இருக்கலாம் அம்மா."

எனக்கு விளங்கவில்லை. சாப்பிடாத சாமானுக்கு உடம்பு எப்படிப் பகைக்கும்? அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன். விடை அறிய எனக்குப் பல மாதம் சென்றது. கிளினிக் நாட்களில் வைத்தியரிடம் கேட்டதையும், லண்டனில் தாதியாக வேலை செய்யும் என் தங்கையின் மகள் தொலைபேசியில் விளக்கியதையும் இங்கே எழுதுகிறேன்.

"மூன்று வயது வரை கொடுக்காதீர்கள்" என்று எங்களுக்குச் சொன்னதே அந்தத் தங்கையின் மகள்தான். 2006 இல் அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது அங்கே அவளுக்கு அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். அவள் பொய் சொல்லவில்லை. 1998 இல் பிரித்தானியாவிலும் 2000 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும், ஒவ்வாமை, தொய்வு, கரப்பன் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மூன்று வயது வரை கச்சான் கொடுக்க வேண்டாம் என்றுதான் வைத்திய ஆலோசனை இருந்தது. ஆனால் கச்சான் ஒவ்வாமை குறையவில்லை, கூடியது. 2008 இல் அமெரிக்காவும் 2009 இல் பிரித்தானியாவும் அந்த ஆலோசனையைக் கைவிட்டன. கைவிட்ட செய்தி எங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை. பழைய புத்திமதி கடல் கடந்து வந்த வேகத்தில் திருத்தம் வருவதில்லை.

சரி, ஒவ்வாமை எப்படி உருவாகிறது?

எங்கள் உடம்பில் ஒரு காவல் இருக்கிறது. கிருமி வந்தால் அடையாளம் கண்டு எதிர்க்கும். உணவு வந்தால் "இது நம்மாள்" என்று விட்டுவிடும். உணவை நம்மாள் என்று பழகிக்கொள்ளும் இடம் குடல். குழந்தை வாயால் சாப்பிட்டு, அது வயிற்றுக்குள் போய்ப் போய், காவல் அதற்குப் பழகுகிறது. ஆனால் அதே உணவு வெடித்த தோலால், புண்ணால் உள்ளே போனால் காவல் அதைக் கிருமியைப் போலவே பார்க்கிறது. அதற்கென்று ஒரு வகைப் பிறபொருளெதிரியைச் செய்து வைத்துக்கொள்கிறது. அதன் பெயர் ஐ.ஜி.ஈ. அதை 1966 இல் கண்டறிந்தவர்கள் அமெரிக்காவில் வேலை செய்த ஜப்பானியத் தம்பதியர், கிமிஷிகே இஷிசாகாவும் அவர் மனைவி தெருகோவும். தங்கள் சொந்தத் தோலிலேயே ஊசி ஏற்றிச் சோதித்தார்களாம். கணவனும் மனைவியுமாக ஒரே மேசையில் இருந்து கண்டுபிடித்தார்கள் என்று கேட்டபோது எனக்கு ஏனோ சந்தோசமாக இருந்தது.

இந்த ஐ.ஜி.ஈ தோலிலும் குடலிலும் மூச்சுக் குழாயிலும் உள்ள சில கலங்களில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை அந்த உணவு வந்தவுடன் கலங்கள் ஹிஸ்டமின் முதலிய பொருட்களைக் கொட்டிவிடும். அதுதான் தடிப்பு, வீக்கம், சத்தி, இழுப்பு எல்லாம்.

வைத்தியர் இதை எனக்குச் சொன்ன விதம் இன்னும் நினைவில் இருக்கிறது. "அம்மா, உங்கட வளவுக்குப் படலையால வாற ஆளை நீங்கள் என்ன செய்வீங்கள்? இருங்கோ எண்டு தேத்தண்ணி குடுப்பீங்கள். அதே ஆள் இரவில வேலிப் பொட்டுக்குள்ளால பூந்து வந்தால்? கள்ளன் எண்டு கத்துவீங்கள். வாய்தான் படலை. கரப்பன் வந்த தோல் வேலிப் பொட்டு."

அப்போதுதான் எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ இறங்கியது. பேத்திக்கு மூன்றாம் மாதத்தில் கன்னத்தில் கரப்பன் தொடங்கியது. பிறகு முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு. சிவந்து, வெடித்து, நீர் கசியும். நான் கச்சானை மணலில் வறுத்து, அரித்து, புடைத்து, கோது உடைத்து, அந்தக் கையைச் சீலையில் துடைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குவேன். அதே கையால் தேங்காயெண்ணெய் தொட்டுக் கரப்பனில் பூசுவேன். வீடு முழுக்கக் கச்சான் தூசு. பாயிலும் தலையணையிலும் கூட. இரண்டு வருடமாகக் கச்சான் அவளுக்குள் வேலிப் பொட்டால் போய்க்கொண்டிருந்தது. படலையால் மட்டும் நான் விடவில்லை.

இது என் கற்பனை அல்ல. 2003 இல் லண்டனில் கிடியன் லக் என்ற வைத்தியரும் அவரோடு வேலை செய்தவர்களும், கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளை ஆராய்ந்தபோது, குழந்தைப் பருவத்தில் அவர்களின் தடிப்புகளுக்குக் கச்சான் எண்ணெய் சேர்ந்த களிம்புகள் பூசப்பட்டிருந்ததைக் கண்டார்கள். வீட்டுத் தூசியில் உள்ள கச்சான் புரதமும் கரப்பன் உள்ள பிள்ளைகளை அப்படிப் பாதிக்கலாம் என்று பிறகு தெரிய வந்தது. ஜப்பானில் இன்னொரு கதை நடந்தது. கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சவர்க்காரம் ஒன்றைப் பாவித்த 2000 பேருக்கு மேல் கோதுமை ஒவ்வாமை வந்தது. பெரும்பாலும் பெண்கள். அதுவரை எந்தக் கரைச்சலும் இல்லாமல் பாண் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். சவர்க்காரத்தை நிறுத்திய பிறகு பலருக்கு மெல்ல மெல்லக் குறைந்தது.

"அப்ப என்ர கையாலயோ டொக்டர் வந்தது?" என்று கேட்டேன். குரல் அடைத்துவிட்டது.

"ஒரு பிள்ளையைக் காட்டி இதாலதான் வந்தது எண்டு ஒருத்தராலயும் சொல்ல ஏலாது அம்மா. பரம்பரையும் இருக்கு. உங்கட மகளுக்குத் தொய்வு இருக்கெல்லோ. கச்சான் விக்கிற எல்லா வீட்டுப் பிள்ளையளுக்கும் இது வாறதில்லை."

அது உண்மை. எங்கள் ஊரில் கச்சான் கோதில் உருண்டு புரண்டு வளர்ந்த பிள்ளைகள் எத்தனை! அவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அவர்களின் தோல் வெடித்திருக்கவில்லை, வாயாலும் கிடைத்தது. முன்பு நாங்கள் கச்சானை அவித்தும் தின்போம். வறுத்த கச்சானைவிட அவித்த கச்சான் ஒவ்வாமையைக் கிளப்புவது குறைவு என்கிறார்கள். இப்போது எல்லாருக்கும் வறுத்ததுதான் வேண்டும்.

படலைக் கதைக்கு நல்ல சாட்சி இஸ்ரேலில் இருந்து வந்தது. அங்கே பம்பா என்று ஒரு தின்பண்டம். கச்சானில் செய்தது, வாயில் வைத்தால் கரையும். பல்லு முளைக்க முதலே குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். 2008 இல் வெளிவந்த ஆய்வொன்றில் பிரித்தானியாவில் உள்ள யூதப் பிள்ளைகளையும் இஸ்ரேல் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். ஒரே இனம், ஒரே பரம்பரை. பிரித்தானியாவில் கச்சான் ஒவ்வாமை நூற்றுக்கு 1.85, இஸ்ரேலில் 0.17. பத்து மடங்கு வித்தியாசம். பிறகு அதே லக் வைத்தியரின் குழு 640 குழந்தைகளைச் சேர்த்தது. கடும் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ இருந்த, 4 மாதம் முதல் 11 மாதம் வரையான குழந்தைகள். பாதிப் பேருக்குக் கச்சான் உணவு கொடுத்து வந்தார்கள், பாதிப் பேருக்கு ஐந்து வயது வரை கொடுக்கவே இல்லை. 2015 இல் முடிவு வந்தது. சாப்பிடாதவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு ஒவ்வாமை. சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு. எனது பேத்தி பிறந்தது 2016 இல். எனக்கு அது ஒரு வருடம் முன்னமே தெரிந்திருக்கலாம். தெரியவில்லை.

இனி எனது இரண்டாவது பிழையைச் சொல்ல வேண்டும். முதலாவதை நான் அறியாமல் செய்தேன். இதைப் பயத்தில் செய்தேன்.

ஆஸ்பத்திரியால் வந்த பிறகு ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். கிரந்தி உடம்பு, முட்டை கொடாதே. இறால், நண்டு, கணவாய் வேண்டாம். கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி வேண்டாம். பால் கரப்பனைக் கூட்டும். நான் எல்லாவற்றையும் நிறுத்தினேன். சோறும் பருப்பும் கீரையும்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு நிறுத்துப் பார்த்தபோது 10.8 கிலோவாக இருந்த பிள்ளை 10.3 கிலோ. குடும்பநல மருத்துவமாது வளர்ச்சிப் பதிவேட்டை என் முன்னால் விரித்து, கீழே வளைந்த கோட்டை விரலால் காட்டினா. "அம்மா, ஒவ்வாமை ஒரு சாமானுக்கு. நீங்கள் பத்துச் சாமானை நிப்பாட்டியிருக்கிறீங்கள். முட்டை முந்திச் சாப்பிட்டவவோ?" சாப்பிட்டாள். "மீன்?" அதுவும் சாப்பிட்டாள். ஒன்றும் செய்ததில்லை. "பிறகேன்?" எனக்குப் பதில் இல்லை.

சகோதரிகளே, இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே மெலிந்த பிள்ளைகள். முகாம்களிலும் அதற்குப் பிறகும் முட்டையும் மீனும் எத்தனை வீட்டில் நாளாந்தம் இருந்தது? ஒவ்வாமை என்ற சந்தேகத்தில் அவற்றையும் பறித்தால் பிள்ளைக்கு மிஞ்சுவது என்ன? கிரந்தி என்று எங்கள் தாய்மார் சொன்னதை நான் பகிடி பண்ணவில்லை. இறால், நண்டு, கணவாய் உண்மையாகவே சிலருக்கு ஒவ்வாது. ஆனால் சிலருக்கு என்பதை எல்லாருக்கும் என்று ஆக்கிவிட்டோம். ஒரு உணவைச் சாப்பிட்டுச் சில நிமிடம் முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள், ஒவ்வொரு முறையும் அதே மாதிரி வந்தால் சந்தேகப்படுங்கள். எந்த உணவு, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தியரிடம் காட்டுங்கள். நீங்களாகவே நிறுத்திக்கொண்டு போக வேண்டாம். தேவையென்றால் அவர்கள் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பேத்தியின் இரத்தத்தைக் கொழும்பில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்பித்தான் கச்சான் என்று உறுதி செய்தார்கள்.

ஒவ்வாமை போலத் தோன்றி ஒவ்வாமை இல்லாதவையும் உண்டு. பால் குடித்தால் வயிறு ஊதி வயிற்றோட்டம் மட்டும் வருவது பாற்சீனி செமிக்காததால் வருவது. அது உயிரை எடுக்காது. கடற்கரைப் பக்கத்துச் சகோதரிகள் இன்னொன்றை அறிந்திருப்பீர்கள். ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்த சூரை மீனைச் சாப்பிட்டு, வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாக முகம் சிவந்து தலையிடிக்கும். அது மீனுக்குள்ளேயே ஹிஸ்டமின் ஊறிவிட்டதால் வருவது. சமைத்தாலும் போகாது. நல்ல மீன் சாப்பிட்டால் வராது. காசநோய்க்கு ஐசோனியாசிட் மாத்திரை எடுக்கிறவர்களுக்கு இந்த மீன்கள் கூடுதலாகத் தாக்கும். எங்கள் நாட்டு வைத்தியர் சி. ஜி. உரகொட இதை 1970களிலேயே எழுதியிருக்கிறார்.

ஆபத்தான அடையாளங்களையும் சொல்லிவிடுகிறேன். தடிப்பு மட்டும் என்றால் ஓரளவு பொறுத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம். குரல் அடைத்தால், மூச்சு இழுத்தால், நாக்கு வீங்கினால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், பிள்ளை துவண்டு விழுந்தால் ஒரு நிமிடமும் பிந்தக் கூடாது. 1990 இலக்கத்துக்கு எடுங்கள். சுவசெரிய அம்பியூலன்ஸ் 2018 நடுப்பகுதியில் இருந்து வடக்கிலும் ஓடுகிறது, காசில்லை. எங்களுக்கு அன்று அது இருக்கவில்லை. பிள்ளையைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு முட்டினால் இருத்தி வைத்திருங்கள். எழுப்பி நடக்க வைக்காதீர்கள். வீட்டில் உள்ள பிரிட்டோன் மாத்திரை கடியைக் குறைக்கும், மூச்சைக் காப்பாற்றாது. அதற்கு அட்ரினலின் ஊசி ஒன்றுதான். மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம்.

கச்சான் கடையை விட்டுவிடு என்று மகள் அழுதாள். விட்டால் என்ன தொழில் செய்வது? வறுக்கும் கொட்டிலை வளவின் கடைசி மூலைக்கு மாற்றினேன். அங்கே ஒரு பழைய சட்டை, ஒரு வாளி தண்ணீர், சவர்க்காரம். வெறும் தண்ணீரில் கழுவினால் கச்சான் பிசுக்கு முழுவதும் போகாது, சவர்க்காரம் வேண்டும். உடுப்பு மாற்றாமல் வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. பேத்தியின் கரப்பனுக்கு வைத்தியர் தந்த களிம்பைச் சொன்னபடி ஒழுங்காகப் பூசினோம், தோல் ஆறியது. பள்ளிக்கூடத்தில் ரீச்சருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். கச்சான் அல்வா மட்டுமல்ல, மிக்சரிலும் இருக்கும் என்று பிள்ளைக்கே பாடமாகிவிட்டது. பால், முட்டை ஒவ்வாமை வளர வளரப் பெரும்பாலும் விட்டுவிடும். கச்சான் அப்படியல்ல, ஐந்தில் ஒரு பிள்ளைக்குத்தான் போகுமாம். அவளுக்கு இன்னும் போகவில்லை.

2021 ஆவணியில் பேரன் பிறந்தான். அவனுக்கும் கன்னத்தில் கரப்பன் தொடங்கியதும் நான் அன்றே கிளினிக்குக்குக் கொண்டு போனேன். ஆறு மாதம் தாய்ப்பால் முடிந்து மற்ற உணவு தொடங்கியபோது வைத்தியர் சொன்னார்: "இவருக்கு முட்டையும் மீனும் இப்பவே தொடங்குங்கோ. கச்சானை இங்க வந்து குடுப்பம்." அக்காவுக்கு ஒவ்வாமை இருப்பதாலும் இவனுக்குக் கரப்பன் இருப்பதாலும்தான் ஆஸ்பத்திரியில் வைத்துக் கொடுத்தது. அப்படி ஒன்றும் இல்லாத பிள்ளைக்கு, ஆறு மாதம் முடிந்த பிறகு, வீட்டிலேயே மற்ற உணவுகளோடு சேர்த்துத் தொடங்கலாம். ஆனால் முழுக் கச்சான் கொடுக்கவே கூடாது. ஐந்து வயது வரை அது தொண்டையில் அடைத்துவிடும். மாவாக, பசையாகத்தான்.

2022 பங்குனி. பெற்றோலுக்கு வரிசை நின்ற காலம், ஓட்டோ இல்லை. மகள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள், நான் கூடப் போனேன். பூஞ்சணம் இல்லாத நல்ல கச்சானாகத் தெரிந்து, வறுத்து, தோல் நீக்கி, இடித்து, அரித்து எடுத்த மா ஒரு சிறிய போத்தலில். கஞ்சியில் அரைத் தேக்கரண்டி கலந்தார்கள். முதலில் கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார் தாதி. நான் எழும்பி வெளியே போய்விட்டேன். திரும்பி வந்து பார்க்கிறேன், அவன் கரண்டியைப் பிடித்து இழுக்கிறான். இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அதன் பிறகு வாரத்தில் மூன்று தடவை, அக்கா பள்ளிக்கூடம் போன பிறகு, குரக்கன் கஞ்சியோடு கொடுத்து வந்தோம். அவனுக்கென்று தனிக் கோப்பை, தனிக் கரண்டி. இன்றும் சாப்பிடுகிறான்.

பொங்கலுக்கு இப்போதும் கடை போடுகிறேன். முடிந்து விடியப்புறம் வீட்டுக்கு வந்தால், பேத்தி நித்திரைக் கண்ணோடு படலையில் நிற்பாள். "அம்மம்மா, சோப் போட்டுக் கழுவினனீங்களோ?" என்று கேட்டு, கையை மணந்து பார்த்த பிறகுதான் கிட்ட வருவாள்.